இன்னும் ஒரு மழைக்காலம்

அன்னமேரி கேட்டது இன்னும் ஒரு மழைக்காலம். அவ்வளவுதான். புது அறை கேட்கவில்லை, புது மைக்ராஸ்கோப் கேட்கவில்லை, சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை. ஜூனில் கொட்டத் தொடங்கி செப்டம்பரில் ஓயும் பம்பாய் மழையை, தன் தொட்டியோடு நின்று இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்க அரசாங்கம் விட வேண்டும் என்று கேட்டாள். அதற்காக அவளை அலைக்கழித்த கதையைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும்.

தொட்டி தாராவியில் இருந்தது, ஷாகுல் ஹமீதுவின் தோல் பதனிடும் டேனரிக்குப் பின்புறம், சாக்கடை நாலாவை ஒட்டி. இறங்கி நின்றால் மார்பளவு ஆழம் வரும். டேனரியில் தோல் ஊறிய தண்ணீர், சுண்ணாம்பும் மயிரும் கொழுப்பும் உப்புமாக, அதுவரை நேரே நாலாவில் விழுந்துகொண்டிருந்தது. நாலா நிரம்பினால் சந்தில் ஏறும். சந்தில் ஏறினால் வீட்டு வாசலில் நிற்கும். அங்கே பிள்ளைகள் அதில்தான் கால் வைத்துப் பள்ளிக்கூடம் போனார்கள். அந்தத் தண்ணீரைத் தெளிய வைத்து வெளியே விட முடியுமா என்பது அன்னமேரியின் ஆராய்ச்சி. மாட்டுங்காவில் ஒரு கல்லூரி, அங்கே ரசாயனப் பேராசிரியர் வானமாமலை, அவருடைய பெயரில் டெல்லியிலிருந்து மூன்று வருட மானியம். வேலை முழுக்க அன்னமேரியுடையது.

அவள் தொட்டியில் போட்டது ரசாயனம் இல்லை. நாலாவிலிருந்தே ஒரு வாளி கசடு எடுத்து விட்டாள். கசட்டில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் உண்டு. அவற்றுக்குத் தோல் தண்ணீரை முதலில் ஒரு குவளை, பிறகு ஒரு வாளி, பிறகு ஒரு பீப்பாய் என்று கொடுத்துக் கொடுத்துப் பழக்கினாள். அடியில் ஒரு சிறு பம்பு காற்றை ஊதும். மின்சாரம் போனால் டேனரி வேலையாள் சுயம்பு மூங்கில் கழியால் கலக்கிவிடுவான். கிருமிகள் தின்றன, செத்தன, பெருகின. தோல் தண்ணீரைத் தின்று வாழக் கற்றுக்கொண்டவை மட்டும் மிஞ்சி, தொட்டியின் அடியில் கரிய சேறாகத் திரண்டு கிடந்தன. மேலே தண்ணீர் தெளிந்து வழிந்தது. பார்க்கிறவர்களுக்கு அது சேறு. அவளுக்கு அதுதான் ஆராய்ச்சி, இளமையில் பாதி, சொல்லப்போனால் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதற்குக் காரணமும் அதுதான்.

விண்ணப்பம் எழுதும்போதே அவள் இரண்டு தொட்டி கேட்டிருந்தாள். ஒன்றுக்கு ஏதாவது நேர்ந்தால் மற்றொன்றிலிருந்து எடுத்து மறுபடி வளர்க்கலாம் என்பது அவள் கணக்கு. கமிட்டியில் இருந்த பெரிய மனிதர் யாரோ, ஒரே வேலைக்கு இரண்டு தொட்டி வீண் செலவு என்று ஓரத்தில் எழுதி அடித்துவிட்டார். அவர் தம் வீட்டில் ஒரே ஒரு தண்ணீர்க் குடம்தான் வைத்திருந்தார் போலிருக்கிறது. “கேட்டதுல பாதி வந்தாலே பெரிசும்மா, வாயை மூடிண்டு வாங்கிக்கோ” என்றார் வானமாமலை.

வாங்கிக்கொண்டாள். வாங்குவதும் லேசாகவா இருந்தது? உத்தரவில் ஏப்ரல் என்று தேதி இருக்கும். பணம் தீபாவளி தாண்டித்தான் வரும். மார்ச் முடிந்தால் அந்த வருடம் முடிந்தது. மிச்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். புதுப்பிக்க முன்னேற்றம் காட்ட வேண்டும். பணமே வராத மாதங்களில் எதை முன்னேற்றிக் காட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. அறுபத்தைந்தில் யுத்தம் வந்தது, கமிட்டி கூடவில்லை. அறுபத்தாறில் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்துபோனது. அடுத்த திட்டம் இன்னும் பிறக்கவில்லை, ஆகவே உங்கள் புதுப்பித்தல் எந்தத் தலைப்பில் வரும் என்று எங்களுக்கே தெரியவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அந்த இடைவெளிகளில் அவளுக்குச் சம்பளம் கிடையாது. கிருமிகளுக்கு ஐந்தாண்டுத் திட்டம் தெரியாதே, தினமும் பசிக்குமே. செம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து தீனி போட்டுவிட்டுப் போவாள்.

செம்பூரில் அவள் அண்ணன் வேதமுத்து வீட்டில் இருந்தாள். அவன் டிராம்பேயில் ஒரு எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். “அன்னம், டெல்லிக்காரன் உனக்கு ஒழுங்கா தந்தாம்னா எனக்கும் ஒரு வார்த்த சொல்லு. நானும் வேலைய விட்டுட்டு ஒரு தொட்டி கட்டுதேன்” என்று சாப்பாட்டில் உட்காரும்போதெல்லாம் சீண்டுவான். அவளுக்குச் சிரிப்பு வருவது எப்போதோ நின்றுவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் தொட்டி வேலை செய்தது. வெயில் காலத்தில் வழிகிற தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்தால் மறுபக்கம் எழுத்துத் தெரியும். மழைக்காலம்தான் வம்பு. முதல் மழையில் நாலா பொங்கிச் சேற்றில் பாதியை அடித்துக்கொண்டு போனது. சுற்றிச் சுவர் எழுப்பினாள். அடுத்த மழையில் சுவர் தாங்கியது, ஆனால் மழைத் தண்ணீர் கலந்து கிருமிகள் சோர்ந்து, வாரக் கணக்கில் தண்ணீர் கலங்கலாகவே போனது. போகிற சேற்றைப் பிடித்து மறுபடி தொட்டிக்கே திருப்பிவிட ஒரு வழியை அந்தக் குளிர்காலத்தில் கண்டுபிடித்தாள். அது மழையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்பாயில் மழைக்கு நிற்காத தொட்டி யாருக்கு வேண்டும்? அதற்குள் மூன்று வருடம் முடிந்துவிட்டது. அதனால்தான் நீட்டிப்பு.

நீட்டிப்பு கேட்கும் சூட்சுமத்தை வானமாமலை சொல்லிக்கொடுத்தார். “முடிஞ்சுதுன்னு எழுதினா ஃபைலை மூடிடுவான். முடியலைன்னு எழுதினா, மூணு வருஷம் என்ன பண்ணினேள்னு கேட்டு மூடிடுவான். இதோ முடியப்போறது, இன்னும் கொஞ்சம்தான்னு எழுதணும். புரியறதா நோக்கு?”

அப்படியே எழுதினாள். நிபுணர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அவர் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வோம் என்று பதில் வந்தது.

நிபுணர் டாக்டர் மாத்தூர் ஜனவரியில் வருவதாக இருந்தது. வரவில்லை. பிப்ரவரியில் தேர்தல், அப்போதும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஷாகுல் ஹமீது சந்து முழுக்கப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, டீக்குச் சொல்லிவைத்து, வெள்ளைத் தொப்பியோடு வாசலில் நின்றார். மேலப்பாளையத்திலிருந்து சின்ன வயதில் வந்து இந்த டேனரியில் கூலியாகச் சேர்ந்து, பிறகு அதையே குத்தகைக்கு எடுத்தவர். அரசாங்கத்து ஆள் யாரும் இதுவரை அபராதம் போடுவதற்கன்றி வேறெதற்கும் அவர் வாசலுக்கு வந்ததில்லை. பார்த்துப் பாராட்ட ஒருவர் வரப்போகிறார் என்பதே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொட்டியில் கிருமி வளர்க்கிறேன் என்று அன்னமேரி அவரிடம் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வது? அம்மையும் காலராவும் வருடந்தோறும் வந்து போகிற சந்து. கிருமி என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைக்கே தொட்டியை இடித்திருப்பார்கள். ஆகவே முதல் நாளே, “மருந்து போட்டுத் தண்ணிய சுத்தம் பண்ணுதேன் பாய்” என்று சொல்லிவிட்டாள். கிருமிகளின் தீனிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி ஒரு பாஸ்பேட் கரைசலைப் பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றுவாள். மருந்து அதுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் நினைக்க விட்டுவிட்டாள். சௌகரியமாக இருந்தது.

மார்ச் கடைசி வாரத்தில் மாத்தூர் வருவது உறுதியானது. பக்ரீத் முடிந்த கையோடு. டேனரிக்கு வருடத்திலேயே பெரிய வேலை அப்போதுதான். குர்பானி ஆடுகளின் தோல் மலை மலையாக வந்து உப்போடு குவிந்து கிடக்கும், ஒரு நாள் தாமதித்தாலும் அழுகும். மாத்தூர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு மாலையில் அன்னமேரி போய்ச் சொன்னாள்.

“பாய், நாளைக்கு எனக்குக் காலேஜ்ல வேல. சாமான் எல்லாம் சரி பாக்கணுமாம். நாளன்னைக்குக் காலையில அவரக் கூட்டிக்கிட்டு நேரா வந்துருதேன்.”

“நீங்க ஒண்ணும் வெசனப்படாதிய தங்கச்சி. இங்க நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார் ஷாகுல் ஹமீது.

சாமான் சரி பார்ப்பது என்றால், திட்டப் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு கண்ணாடிச் சாமானையும் கல்லூரிக் கணக்காளர் முன்னால் தூக்கிக் காட்ட வேண்டும். உடைந்தது உண்டானால் உடைந்த துண்டுகளைக் காட்ட வேண்டும். அவள் துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து வைத்திருந்தாள். துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தால் ஒரு முழு பீக்கர் வருகிறதா என்று அந்த மனிதர் மேஜையில் பரப்பி உட்கார்ந்துவிட்டார். முழு நாளும் போனது. தாராவி அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். போக விடவில்லை.

மறுநாள் காலை டாக்சியில் பின்னால் மாத்தூரும் வானமாமலையும், முன்னால் டிரைவர் பக்கத்தில் அவளும். சந்து முனையில் இறங்கினார்கள். இறங்கியதும் அவளுக்கு வாடை வந்தது. தோல் வாடை இல்லை, நாலா வாடை இல்லை. ஃபினாயில்.

பெரியவர்களை முந்திக்கொண்டு போகக் கூடாது என்பதையும் மறந்து முன்னால் நடந்தாள். சந்து முழுக்கப் பெருநாளைக்குத் தொங்கவிட்ட கலர்க் காகிதத்தை மறுபடி கட்டியிருந்தார்கள். டேனரியில் சத்தமே இல்லை; வேலையை நிறுத்தியிருந்தார் ஷாகுல் ஹமீது, குவிந்த தோலை அழுக விட்டு. பின்புறம் போனாள். தொட்டி உள்ளும் புறமும் நீலம் கலந்த சுண்ணாம்பில் பளீரென்று நின்றது. விளிம்பைச் சுற்றிச் சாமந்தி மாலை. விளிம்பு வரை தண்ணீர், அடியில் பூச்சு மட்டைத் தடம்கூடத் தெரிகிற தண்ணீர்.

சேறு இல்லை. ஒரு கைப்பிடி இல்லை.

“எப்படி தங்கச்சி?” ஷாகுல் ஹமீது மலர்ந்து நின்றார். “சுயம்புவும் இன்னும் நாலு பேரும் உள்ள எறங்கி நேத்து காலையில இருந்து அள்ளுனாவ. எம்புட்டு கச்ரா! உங்க மருந்து பிரிச்சுப் போட்ட அழுக்கெல்லாம் அடியில கெடந்துருக்கு. அத்தனையும் நாலாவுல தள்ளிவுட்டு, ஓதத் தண்ணி கடலுக்குக் கொண்டுபோற வரைக்கும் நின்னு பாத்தோம். பொறவு ஃபினாயில ஊத்தி நாலு தடவ தேச்சாச்சு. தண்ணி பொம்பளைக தந்தது.”

பெண்கள் வாசல்களில் நின்றார்கள். ஷாகுல் ஹமீதுவின் மனைவி நஸீரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். தெருக் குழாயில் விடிவதற்கு முன் வரிசை நின்று, சண்டை போட்டு, சில நாள் அதுவும் கிடைக்காமல் திரும்புகிற பெண்கள். வீட்டுக்கு ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றியிருந்தார்கள். அத்தனை குடும்பங்கள் முந்தின நாள் குளிக்காமல் இருந்திருக்கும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குச் செய்கிறதைத்தான் செய்திருந்தார்கள், கலெக்டர் வந்தால் ஊரில் செய்கிறதைத்தான் செய்திருந்தார்கள். அவர்கள்மேல் எதைச் சொல்லிக் கோபிப்பது? கோபம் வராமலும் இல்லை.

மாத்தூர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். குனிந்து பார்த்தார். “அருமை” என்றார் ஆங்கிலத்தில். “டெல்லியில் உங்கள் அறிக்கையைப் படித்தபோது இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.” ஒரு பாட்டிலில் தண்ணீரை மொண்டு மூடி, அரக்கு வைத்து முத்திரை போட்டார்.

“சார், இது குழாய்த் தண்ணீர்” என்றாள் அன்னமேரி.

வானமாமலை இருமினார். மாத்தூர் நிமிர்ந்தார். “என்ன?”

“நேற்று இவர்கள் தெரியாமல் தொட்டியைக் கழுவிவிட்டார்கள். வளர்த்தது எதுவும் இப்போது உள்ளே இல்லை. இது தெருக் குழாயில் பிடித்து ஊற்றிய தண்ணீர். மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டும். நீட்டிப்பு அதற்கும் சேர்த்து வேண்டும், சார்.”

மாத்தூர் ஷாகுல் ஹமீதுவைப் பார்த்து இந்தியில் கேட்டார், தொட்டியைக் கழுவினீர்களா என்று. “ஹாங் சாப், ஏக்தம் ஸாஃப் கியா!” என்று, துளி அழுக்கில்லாமல் கழுவிவிட்டதைப் பெருமையாகச் சொன்னார் அவர். “பஹுத் அச்சா” என்றார் மாத்தூர். பிறகு அவளிடம் ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல் பேசினார்.

“மிஸ், உங்கள் மூன்று வருட அறிக்கையும் வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருந்தது என்று சொல்கிறது. பொய்யா?”

“இல்லை சார். வெயில் காலத்தில் மட்டும்...”

“இன்று நான் பார்க்கும் தண்ணீரும் தெளிவாக இருக்கிறது. தொட்டி இருக்கிறதா, தண்ணீர் தெளிந்திருக்கிறதா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்வதை நான் எழுதினால், அரசாங்கச் சொத்தில் வெளியாட்களை எப்படி இறங்கவிட்டீர்கள் என்று உங்கள் பேராசிரியரிடம் விளக்கம் கேட்க வேண்டி வரும். எழுதட்டுமா?”

“அவள் தன்னடக்கத்தில் சொல்கிறாள்” என்று வானமாமலை அவசரமாகக் குறுக்கே வந்தார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. ஐம்பத்தெட்டாவது வயதில் ஓய்வுபெறப் போகிறவர். விளக்கம் என்ற சொல் ஃபைலில் ஏறினால் பென்ஷன் நின்றுபோகலாம் என்று அவருக்குத் தெரியும்.

ஷாகுல் ஹமீது அல்வாத் தட்டோடு வந்தார். ஊரிலிருந்து ஆள் மூலம் வரவழைத்த அல்வா. மாத்தூர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். இங்கிலீஷில் நடந்த பேச்சு எதுவும் ஷாகுல் ஹமீதுவுக்குப் புரியவில்லை.

“என்ன தங்கச்சி, ஐயாவுக்குப் புடிச்சிருக்கா?”

“புடிச்சிருக்கு பாய்” என்றாள். வேறென்ன சொல்வாள்? வாசல்களில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாத்தூரை கிங்ஸ் சர்க்கிளில் இறக்கிவிட்ட பிறகு டாக்சியில் வானமாமலை வெடித்தார். “நோக்கு என்னதான் வேணும்? அவனே நன்னாயிருக்குங்கறான். நீ போய் இல்லேங்கறே!”

“நல்லா இருக்குன்னு எழுதினா மூடிடுவான்னு நீங்கதானே சார் சொன்னீங்க? முடிஞ்சதை யாரு நீட்டிப்பா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அதுவும் வாஸ்தவம்தான்” என்றார்.

அன்றே அவள் தன் கைப்பட நடந்ததையெல்லாம் டெல்லிக்கு எழுதினாள். தொட்டி அழிந்தது, தண்ணீர் குழாய்த் தண்ணீர், அதைச் சோதித்துப் பயனில்லை, ஒரு மழைக்காலம் கொடுங்கள். நிபுணரின் அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டதால் வேறு குறிப்புகள் பரிசீலிக்கப்படமாட்டா என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியை எழுதியவனைப் பிடித்து நாலாவில் ஒரு முழுக்குப் போட்டு எடுக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

மே மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. மாதிரித் தண்ணீரைச் சோதித்ததில் அது குடிநீருக்கு இணையாக இருப்பது தெரிகிறது. ஆகவே திட்டத்தின் நோக்கம் வெற்றிகரமாக நிறைவேறியது. ஆகவே நீட்டிப்புக்கு அவசியம் எழவில்லை. பாராட்டுகள். தாராவியில் தோல் கழிவுநீர்ப் பிரச்சினைக்குத் தீர்வு காணப்பட்டதாக மாநகராட்சிக்கும் தகவல் அனுப்பப்படுகிறது. திட்டப் பணத்தில் பெறப்பட்ட பொருள்கள் யாவும் கல்லூரியில் ஒப்படைக்கப்பட வேண்டும். கீழே பட்டியலில் பம்பு இருந்தது, தொட்டியும் இருந்தது.

குடிநீருக்கு இணையாக! குடிநீர் வேறெதற்கு இணையாக இருக்கும்? அவள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் தனியாகச் சிரித்தாள். பிறகு பெஞ்சில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள், எழுதியும் கொடுத்தாள். தோற்றுப்போனாய் என்று அவளிடம் சொல்லக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.

ஆய்வு நாளுக்குப் பிறகு அவள் தாராவிப் பக்கம் போகவில்லை. போக நினைத்துக் கிளம்பி சயானிலேயே பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பியிருக்கிறாள். பாயைப் பார்த்தால் திரும்ப எடுக்க முடியாத வார்த்தை ஏதாவது வாயில் வந்துவிடும் என்று பயம். இப்போது போயே ஆக வேண்டும், பம்பைக் கழற்ற.

தொட்டி காய்ந்து கிடந்தது. விளிம்பில் யாரோ சேலை உலர்த்தியிருந்தார்கள். பெண்கள் தங்கள் தண்ணீரை மறுநாளே மொண்டுபோய்த் துணி துவைத்துக்கொண்டார்களாம். டேனரித் தண்ணீர் பழையபடி நாலாவில் விழுந்துகொண்டிருந்தது, மேகம் கவிந்த புழுக்கத்தில் நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

“வாங்க தங்கச்சி! எங்க ஆளயே காணும்?” என்று ஷாகுல் ஹமீது எழுந்து வந்தார். “டெல்லியில இருந்து தாக்கல் வந்துச்சா?”

“வந்துச்சு பாய். வெற்றின்னு எழுதியிருக்காவ.”

“அல்ஹம்துலில்லா!” அவர் உள்ளே பார்த்துக் கூவினார். “நஸீரா, இங்க வா! நம்ம தொட்டி ஜெயிச்சுட்டாம்!”

நஸீரா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. “அப்பம் இனிமே நம்ம வாசல்ல இந்தத் தண்ணி வராதுல்லா?”

அன்னமேரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“வரும் அக்கா. மழை பெஞ்சா வரும். ஒண்ணும் ஜெயிக்கல. பாய், நான் பாட்டில்ல கொண்டுவந்தது மருந்து இல்ல. அது தீனி.”

“யாருக்குத் தீனி?”

“நீங்க அள்ளிப் போட்டீங்களே, அந்தச் சேத்துக்கு. அழுக்கத் தின்னது அதுதான். கண்ணுக்குத் தெரியாத கிருமி. கொஞ்சங் கொஞ்சமா மூணு வருஷம் பழக்கி வளத்தேன்.”

ஷாகுல் ஹமீது தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “உசுரா?”

“உசுருதான் பாய்.”

“யா அல்லா! என் கையாலயே ஃபினாயில ஊத்துனேனே” என்றவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு அவர் முகம் மாறியது. அவர் அவளிடம் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தாள். “ஏன் எங்கிட்ட சொல்லல? என் எடத்துல வச்சு வளத்திய. என் ஆள வச்சுக் கலக்குனிய. என்னத்த வளக்கேன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? பயந்துருவோம்னு நெனச்சியளா? தோலு ஊறுத தண்ணியில கையவிட்டுச் சோறு திங்கிறவன் நான். கிருமிக்கா பயப்படுவேன்?”

மூன்று வருடமாக டெல்லிக்காரர்கள் தனக்கு எதையும் சொல்லாமல் அலையவிட்டார்கள் என்று கறுவிக்கொண்டிருந்தவள், இவருக்கு அதையேதான் செய்திருந்தாள். “சொல்லியிருக்கணும் பாய். தப்புதான்” என்றாள்.

நஸீரா காய்ந்த தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “முதல்ல அத எங்க இருந்து எடுத்தீங்க?”

“இந்த நாலாவுல இருந்துதான் அக்கா.”

“அப்பம் மறுபடி எடுக்கலாம்லா?”

“எடுக்கலாம். பழக்க நாளாகும். பம்பு இருக்காது, அதக் கழட்டிக் கொண்டுபோவணும். சம்பளமும் கெடையாது. இந்த மழைக்கு ஒண்ணும் ஆகாது, அடிச்சுக்கிட்டுப் போயிரும். அடுத்த மழைக்குத்தான்...” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். முன்னேற்ற அறிக்கை மாதிரி இருந்தது.

“தொட்டியையும் கொண்டுபோவச் சொல்லியிருக்கானா?” என்று கேட்டார் ஷாகுல் ஹமீது.

“சொல்லியிருக்கான்.”

“எப்படித் தூக்கிட்டுப் போறான்னு நானும் பாக்கேன்” என்றார் அவர். சுயம்புவைக் கூப்பிட்டார். தொட்டியின் உள்சுவரில் இருக்கிற சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டச் சொன்னார், தண்ணீர் விட்டு அலசச் சொன்னார், மூங்கில் கழி எங்கே என்று தேடச் சொன்னார். உள்ளே போய் ஒரு வாளியை எடுத்துவந்து அன்னமேரியின் கையில் கொடுத்தார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலாவின் ஓரத்தில் இறங்கினாள். தாதர் பக்கமிருந்து கறுத்து வந்துகொண்டிருந்தது வானம்.

அவள் குனிந்து கசட்டை அள்ளும்போது மேலே நின்ற ஷாகுல் ஹமீதுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“தங்கச்சி, நடுவுல மறுபடி ஆபீஸர் வந்தா என்ன செய்ய? இப்படிக் கருப்பா கெடக்கத எப்படிக் காட்டுவோம்?”

“இனிமே யாரும் வரமாட்டாவ பாய். எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு எழுதிட்டாவல்லா.”

“அப்பம் சரி” என்றார் அவர். “பயமில்லாம வளக்கலாம்.” கையை நீட்டி வாளியை வாங்கிக்கொண்டார்.